கிளிப் உடைகிறதா, கழல்கிறதா, இறுகிக்கொண்டதா? குறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு மெசினின் பற்றரி மூடி உடைந்தால், அந்த மூடியை மட்டும் தனியாக விற்கிற கடை கிடைப்பது கஷ்டம். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சொல்லிவிட வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் “முழு செற்றாய்த்தான் வரும்” என்ற பதில்தான். அதனால் இங்கே பாதி மெசின்கள் ரியூப் வாராலும் கட்டுக்கம்பியாலும் மூடி கட்டப்பட்டுத்தான் ஓடுகின்றன. அதில் தப்பில்லை. ஆனால் மூடியைப் பூட்டி வைக்கிற பிளாஸ்ரிக் கிளிப் ஏன் போனது என்று பார்த்துவிட்டுக் கட்டினால், அடுத்த மூடியாவது தப்பும். ஒரு முப்பரிமாண பிரின்ரர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் பயன்படும்.

முதலில் உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். மூடியிலிருந்து நீண்டு நிற்பது தண்டு. தண்டின் நுனியில் இருக்கிற பல், கொழுக்கி. கொழுக்கி போய் விழுகிற துளை அல்லது விளிம்பு, பிடி. தண்டு மூடியோடு சேருகிற இடம், அடி. கொழுக்கி பிடிக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்கிறதோ அதைக் கடி என்கிறேன். செருகும்போது தண்டு அந்தக் கடியின் அளவுக்கு வளைந்து, கொழுக்கி பிடியைத் தாண்டியதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ‘டிக்’ என்று கேட்பது அந்தத் திரும்பல்தான். கிளிப்பில் வருகிற எல்லா நோயும் இந்த வளைவிலோ, திரும்பலிலோ, திரும்பிய பிறகு சும்மா நிற்பதிலோதான் இருக்கிறது.

இன்னொன்று: உடைந்த துண்டை எறிய வேண்டாம். எங்கே, எப்படி உடைந்தது என்று அதில்தான் தெரியும்.

தண்டு அடியோடு உடைகிறது

அதிகம் வருவது இதுதான். மருந்தடிக்கும் பற்றரி மெசினின் மூடி, ரோர்ச்சின் பின்மூடி, றைஸ் குக்கரின் ஓரம் என்று எதை எடுத்தாலும், தண்டு அடியில் நேர்கோட்டில் துண்டாகி நிற்கும். கொண்டுவருகிறவர் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: “தம்பி, இது மெல்லிசு. கொஞ்சம் தடிப்பாய் அடிச்சுத் தாரும்.”

தடிப்பாக்கினால் இன்னும் விரைவாக உடையும். இதை நம்ப வைப்பதுதான் பெரும் பாடு, ஆகவே கணக்காகவே காட்டுகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் தகைப்பும் விகாரமும் நினைவிருக்கும். ஒரே தடிப்பான தண்டு வளையும்போது அதன் அடியில் மேற்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்பது இப்படி:

விகாரம் = 1.5 × தடிப்பு × கடி ÷ (நீளம் × நீளம்)

ஒரு பற்றரி மூடியை எடுத்துக்கொள்வோம். தண்டின் நீளம் 10 மில்லிமீற்றர், தடிப்பு 2, கடி 1. கணக்குப் போட்டால் 0.03, அதாவது 3 வீதம். மூடி ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்ரிக்கால் ஆனது என்றால் 2 வீதத்தோடு நிற்பதுதான் பாதுகாப்பு. அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற மூடியென்றால் அதிலும் 60 வீதத்தைத்தான் எடுக்க வேண்டும், ஆக 1.2. அப்படிப் பார்த்தால் 3 வீதத்தில் இந்த மூடி இவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

இப்போது அண்ணை கேட்டபடி தடிப்பை 2.5 ஆக்குவோம். விகாரம் 3.75 ஆக ஏறுகிறது. வளைக்கத் தேவையான விசை தடிப்பின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கை நோக அமத்த வேண்டும், அடியும் முன்னையதை விடக் கூட இழுபடும். தடித்த தண்டு, வளைய மாட்டேன் என்று நிற்கிற தண்டு. கடியோ அதே 1 மில்லிமீற்றர். வளைந்துதான் ஆக வேண்டும் என்றால் அது எங்கே போகும்?

மாற்றாக நீளத்தை 14 ஆக்கித் தடிப்பை 1.5 ஆகக் குறைத்தால், விகாரம் 1.15 வீதம். எல்லைக்குள் வந்துவிட்டது. நீளம் கீழே இரண்டு முறை பெருக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கிடைக்கிற இடம் முழுவதையும் நீளத்துக்குக் கொடுப்பதுதான் லாபம். ஆனால் இப்படிச் செய்தால் தண்டு மிகவும் இலகுவாகிவிடும், வளைக்கும் விசை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். தொய்வாகத் தோன்றினால் அகலத்தைக் கூட்டுங்கள். அகலத்தை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும், விகாரம் அசையாது. தடிப்பு செய்யும் என்று நாங்கள் நினைக்கிற வேலையை உண்மையில் செய்வது அகலம்.

நீளத்துக்கு இடமே இல்லையா? இரண்டு வழி உண்டு. தண்டு நிற்கிற தட்டில், தண்டின் இரு பக்கமும் கீறல் வெட்டினால் அடி உள்ளே தள்ளிப் போகும், தட்டின் ஒரு பகுதியும் தண்டாகச் சேரும். இல்லாவிட்டால் தண்டை மடித்து வளைத்து, திரும்பி வருகிறபடி அமைக்கலாம். ரிவி ரிமோட்டின் பற்றரி மூடியைக் கழற்றிப் பாருங்கள், அந்தச் சின்ன வளைவு அதற்காகத்தான் இருக்கிறது. அந்தச் சின்ன இடத்துக்குள் நேர்த் தண்டு வைத்திருந்தால் பத்துத் தடவை திறக்கு முன்னே போயிருக்கும்.

தண்டை அடியிலிருந்து நுனி நோக்கி மெலிய விடுவதும் நல்லது. நுனியில் தடிப்பு அடியின் பாதி என்றால், அதே விகாரத்துக்கு ஏறக்குறைய 1.6 மடங்கு அதிகம் வளையும். ஒரே தடிப்பான தண்டில் அடி மட்டும் முறிய முறிய உழைக்கும், நுனிப் பக்கம் சும்மா இருக்கும். மெலிய விட்டால் வேலை தண்டு முழுவதும் பகிரப்படும்.

இத்தனையும் சரியாக இருந்தும் உடைகிறது என்றால் அடியின் மூலையைப் பாருங்கள். மூலை கூராக இருந்தால், தகைப்பு, அதாவது பிளாஸ்ரிக்குக்குள் ஏறுகிற விசை, முழுவதும் அந்தக் கோட்டில் வந்து குவியும். உடைந்த முகம் வழுவழுப்பாக, கண்ணாடி உடைந்ததுபோல் இருந்தால் பெரும்பாலும் இதுதான். மூலைக்கு வளைவு கொடுக்க வேண்டும். அந்த வளைவின் ஆரை தண்டின் தடிப்பில் பாதி இருந்தால் போதும். 2 மில்லிமீற்றர் தண்டுக்கு 1 மில்லிமீற்றர். அதற்கு மேலே போனால் பெரிய லாபம் இல்லை. வார்ப்பில் செய்கிற பொருளென்றால் அங்கே பிளாஸ்ரிக் தடித்து மறுபக்கம் குழி விழும்.

உடைந்த இடம் வெள்ளையாக இருந்தால் கதை வேறு. ஏபிஎஸ் அளவுக்கு மீறி இழுபடும்போது உடைவதற்கு முன்னரே வெளுக்கும். உடையாத கிளிப்பிலும் அடியில் வெள்ளைக் கோடு கண்டால், அது போகப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மற்றப் பக்கக் கிளிப்பையும் பாருங்கள், அதிலும் அதே கோடு இருக்கும்.

கொழுக்கி மட்டும் நுனியில் அறுந்துபோகிறது

தண்டு நல்லாயிருக்க, பல் மட்டும் சீவியெடுத்ததுபோல் போயிருந்தால், மூடியை யாரோ கழற்றாமல் இழுத்திருக்கிறார்கள். அல்லது மெசின் விழுந்திருக்கிறது. தண்டில் பிழையில்லை. தண்டின் நீளவாக்கில் கொழுக்கியின் தடிப்பைக் கூட்டலாம்; கடியைக் கூட்டக் கூடாது, கூட்டினால் மேலே சொன்ன நோய் தொடங்கும்.

செருகவே முடியவில்லை

கொழுக்கியின் முன் சரிவைப் பாருங்கள். செருகுகிற திசையோடு அந்தச் சரிவு என்ன கோணம் ஆக்குகிறது என்பதில்தான் முழுச் சங்கதியும். கொழுக்கியும் பிடியும் எவ்வளவு உரசும் என்று காட்டுகிற உராய்வுக் குணகத்தை 0.3 என்று வைத்துக்கொண்டால், 30 பாகையில் செருகும் விசை, தண்டை வளைக்கிற விசைக்கு ஏறக்குறையச் சமம். 45 பாகையில் அது 1.9 மடங்கு. 60 பாகையில் 4.2 மடங்கு. கோணம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 25 முதல் 35 பாகைக்குள் வைப்பதுதான் வழக்கம்.

இருக்கிற மூடியில் இதைத் திருத்துவது சுலபம். சின்ன அரத்தால் முன் சரிவைக் கொஞ்சம் படுக்க வையுங்கள், பிறகு அரத்தாளால் தேயுங்கள். சொரசொரப்புப் போனாலே பாதிச் சுமை குறைந்துவிடும். பின்பக்கத்தைத் தொடாதீர்கள், பிடித்து வைத்திருப்பது அதுதான். தேங்காய் எண்ணெயோ கிறீஸோ பூசலாமா என்று கேட்பார்கள். இங்கே ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் புழுதி எதில் ஒட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் அரத்தாள்தான். பூசாமல் விடுவது நல்லது.

புதிதாகச் செருகியது அல்ல, முன்பு நன்றாகப் போய் வந்த மூடிதான் இப்போது இறுக்கம் என்றால், முதலில் பிடியின் மூலையைக் குச்சியால் கிண்டிப் பாருங்கள். கிறவல் ரோட்டில் ஓடிய மோட்டார் சைக்கிளின் பக்க மூடிக்குள் கால்வாசி ரோட்டே இருக்கும். அதை எடுக்காமல் அமத்தி உடைத்தவைதான் அதிகம்.

பூட்டுகிறது, ஆனால் தானாகக் கழல்கிறது

எப்போது கழல்கிறது என்று கேளுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

பூட்டிய உடனே, லேசாக இழுத்தாலே வருகிறது என்றால், கடி போதாது அல்லது கொழுக்கியின் பின்முகம் சரிந்திருக்கிறது. பின்முகக் கோணத்துக்கும் மேலே சொன்ன கணக்குத்தான். 45 பாகை இருந்தால் கையால் கழற்றலாம், கோணம் கூடக் கூடப் பிடிப்பு இறுகும். உராய்வு 0.3 என்றால் ஏறக்குறைய 73 பாகையைத் தாண்டியதும் நேரே இழுத்தால் வராது, தன்பாட்டில் பூட்டிக்கொள்ளும். பாவித்துப் பாவித்துப் பின்முகத்தின் விளிம்பு உருண்டுபோனாலும் இதே குறிதான் தெரியும்.

சிலவேளை கிளிப்பில் ஒரு பிழையும் இருக்காது, பிடி இருக்கிற சுவர்தான் வெளியே வளையும். ஒரு விரலால் சுவரைத் தாங்கிக்கொண்டு மூடியை இழுத்துப் பாருங்கள். தாங்கும்போது நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால், சுவருக்குப் பின்னால் ஒரு முண்டு வைப்பதே மருந்து.

மத்தியான வெயிலில் மட்டும் கழல்கிறது என்றால் வெப்பவிரிவு. பிளாஸ்ரிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். 200 மில்லிமீற்றர் நீளமான ஏபிஎஸ் மூடி 30 பாகை செல்சியஸ் சூடேறினால் அரை மில்லிமீற்றர் நீளும், அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம் 0.07 மில்லிமீற்றர்தான் நீளும். கடி 1 மில்லிமீற்றர் என்றால் அதில் பாதி அங்கேயே போய்விட்டது. மூடியின் ஒரு முனையை இறுக்கமாக நிறுத்தி, மற்ற முனையின் பிடித்துளையை நீளவாக்கில் கொஞ்சம் பெரிதாக்கி விட்டால் நீள்வதற்கு இடம் கிடைக்கும்.

சில மாதத்துக்குப் பிறகு கழலத் தொடங்குவதுதான் கள்ள நோய். மூடியைக் கழற்றி, தண்டை ஓர் அடிமட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தண்டு நிரந்தரமாக வளைந்திருந்தால், அது பூட்டிய பிறகும் சும்மா நிற்கவில்லை, தொடர்ந்து இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்ரிக்கை ஓரிடத்தில் இழுத்து வைத்தால் அது மெல்ல மெல்ல இழுவைக்கு ஒத்துப்போய்விடும், சூட்டில் இன்னும் விரைவாக. மருந்தடிக்கும் மெசின்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் சீல். சீல் மூடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அதை இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருப்பது கொழுக்கி. தேய்ந்த சீலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தடித்த ரப்பரை வெட்டிப் போட்டால் தண்ணி போகாது, உண்மைதான். ஆனால் அடுத்த போகம் வருவதற்குள் கிளிப் தொய்ந்துவிடும். சீல் பழைய தடிப்பிலேயே இருக்கட்டும். புதிதாக வடிவமைக்கிறவர்கள், சீல் தேவைப்படுகிற மூடிக்குக் கிளிப்பை நம்பாமல் திருகு மூடியோ இரும்புக் கொழுக்கியோ போடுவது மேல்.

தொய்ந்த தண்டைச் சுடுதண்ணியில் சூடாக்கி எதிர்ப்பக்கம் வளைத்து ஆறவிட்டால் சில நாள் பிடிக்கும். அறுவடை முடியும்வரை ஓட்டுவதற்கு அது போதும்.

ஆடுகிறது, கடகடக்கிறது

கொழுக்கிக்கும் பிடிக்கும் இடையில் வெளி. மூடியின் உட்பக்கம் மெல்லிய நுரைநாடா ஒட்டினால் சரி. புதிதாகப் பிரின்ரரில் அடிப்பதென்றால் பின்முகத்தை 90க்குப் பதில் 80 பாகை அளவில் சரித்துவிடுங்கள், அந்தச் சரிவே வெளியை எடுத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் பக்க மூடியில் உருண்டை முளை ரப்பர் புஷ்ஷுக்குள் போகிற வகை என்றால், காய்ந்துபோன புஷ்ஷை மாற்றினால் வேலை முடிந்தது.

கழற்ற முடியவில்லை

இழுக்க முதல், மூடியை உள்நோக்கி அமத்துங்கள். பாரம் நீங்கினால்தான் கொழுக்கி அசையும். பிறகு ஓரத்தில் சின்னத் துவாரம் இருக்கிறதா என்று தேடுங்கள். கழற்றுவதற்கென்றே வடிவமைத்திருந்தால் கொழுக்கியை வெளியிலிருந்து தள்ள ஒரு வழி விட்டிருப்பார்கள். ஸ்குரூ டிரைவரைவிடப் பழைய றீலோட் அட்டையோ வங்கி அட்டையோ நல்லது, விளிம்பைக் கடிக்காது. துவாரமும் இல்லை, பின்முகமும் 90 பாகை என்றால் அது ஒருதரம் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராத வகை. தொலைபேசிச் சாஜர்கள் பலவும் அப்படி. அதற்குள்ளே கை வைக்கத் தேவையில்லை.

யாரும் தொடாமலே வெடிக்கிறது

மெசின் மூலையில் கிடக்கிறது, ஒருவரும் திறக்கவில்லை, எடுத்துப் பார்த்தால் அடியில் மெல்லிய வெடிப்புகள். வன்னியில் இதற்கு இரண்டு குற்றவாளிகள்.

ஒன்று மருந்து. தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கிற மருந்துகளைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் நஞ்சைக் கரைத்து வைத்திருப்பது எண்ணெய்த் தன்மையான கரைப்பான். தாங்கி பொலிஎதிலீன் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருக்கிற ஏபிஎஸ் மூடியிலும் பொலிகார்பனேற் கண்ணாடியிலும் ஒரு துளி சிந்தினால் போதும், ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற இடமாகப் பார்த்து அது புகும். ஆகவே வெடிப்பு கிளிப்பின் அடியில்தான் முதலில் வரும். பெற்றோலும் இதையே செய்யும். நட்டு கழலாமல் இருக்கப் பூசுகிற லொக்கிங் திரவமும் செய்யும், இதைப் பல மெக்கானிக்மார் கவனிப்பதில்லை. மருந்தடித்து முடிந்ததும் வெளிப்பக்கத்தையும் சவர்க்காரத் தண்ணியால் கழுவுங்கள். திருத்தக் கொண்டுவருகிறவர்களும் கழுவித்தான் கொண்டுவர வேண்டும். நஞ்சு மணக்கிற மூடியைக் கையுறை போடாமல் தொடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

மற்றது வெயில். முல்லைத்தீவுக் கரையில் கிடக்கிற ஐஸ் பெட்டிகளின் பூட்டைத் தடவிப் பாருங்கள், கையில் வெள்ளைத் தூள் ஒட்டும். ஊதாக்கடந்த கதிர் மேற்படையைச் சிதைத்திருக்கிறது, அந்தப் படையில் தொடங்குகிற வெடிப்பு உள்ளே ஓடும். கார்பன் கலந்த கறுப்புப் பிளாஸ்ரிக் இதை நன்றாகத் தாங்கும். மாற்றுப் பூட்டு அடிப்பதென்றால் கறுப்பில் அடியுங்கள், ஏபிஎஸ்ஸுக்குப் பதில் வெயிலைத் தாங்குகிற ஏஎஸ்ஏ பிளாஸ்ரிக் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிரின்ற் செய்த கிளிப் படைபடையாகப் பிளக்கிறது

தண்டை நிமிர்த்தி அடித்திருப்பீர்கள். படைகள் தண்டுக்குக் குறுக்கே வந்தால், வளைக்கும்போது ஒவ்வொரு படையும் மற்றதிலிருந்து பிரியப் பார்க்கும். மூடியைச் சரித்துப் போட்டு, படைகள் தண்டின் நீளத்தோடு ஓடும்படி அடியுங்கள். மூடியின் வடிவம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் கிளிப்பைத் தனியே படுக்க வைத்து அடித்து, மூடியில் ஒரு பள்ளத்தில் பொருத்தலாம்.

பிரின்ரரில் போடுகிற பிளாஸ்ரிக்குகளில் பிஎல்ஏ அளவு பார்ப்பதற்கு மட்டும். 60 பாகை செல்சியஸை அண்டியதும் அது இளகும், வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் அந்தச் சூடு வந்துவிடும். பிஇடிஜி 80 வரை நிற்கும், இங்குள்ள பெரும்பாலான மூடிகளுக்கு அது போதும். நைலோன் அடிக்கிறவர்கள், பிரின்ரரிலிருந்து எடுத்த உடனே வளைத்துப் பார்க்க வேண்டாம். காய்ந்த நைலோன் முறியும். இளஞ்சூட்டுத் தண்ணியில் சில மணித்தியாலம் ஊறவிட்டால் ஈரம் ஏறி மசிந்து கொடுக்கும்.

ஒட்டினால் நிற்கவில்லை

முதலில் அது என்ன பிளாஸ்ரிக் என்று பாருங்கள். உட்பக்கத்தில் எழுத்து அடித்திருக்கலாம். இல்லாவிட்டால் உடைந்த துண்டைத் தண்ணியில் போடுங்கள். மிதந்தால் பொலிஎதிலீன் அல்லது பொலிபுரொப்பிலீன், சுப்பர் குளூ அதில் பிடிக்காது. தாழ்ந்தால் ஏபிஎஸ், நைலோன், பொலிகார்பனேற் என்று ஏதாவது ஒன்று. ஏபிஎஸ் ஒட்டும், ஆனால் அடியில் ஒட்டிய தண்டு வளைவைத் தாங்காது. பசை காய்ந்து கட்டையாகி, ஒட்டிய கோட்டிலேயே திரும்ப முறியும்.

அப்படியான மூடிக்கு கிளிப்பை மறந்துவிடுவது நல்லது. கிளிப் இருந்த பக்கத்தில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு, தலைக்கு அடியில் அகன்ற வாஷர் வைத்து ஒரு ஸ்குரூவைப் பூட்டுங்கள். வாஷர் அசையாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேலே அரைச் சுற்றுச் சுற்றினால் மூடி அந்தத் துளையிலிருந்து வெடிக்கும்.